ஒரு டம்ளருக்குள் இரண்டு டம்ளர் கஞ்சி

தருமபுரியிலிருந்து வேலைக்காகப் பெங்களூர் வந்த என் அக்கா மகன், அல்சூரில் எங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறான். வயது 23. உயரம் 172 சென்டிமீட்டர். ஆடி மாதம் தராசில் ஏறி நின்றபோது எடை 51 கிலோ. கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் 17.2 வருகிறது. இதைத்தான் உடல் நிறை எண் என்பார்கள். 18.5-க்குக் கீழே இருந்தால் எடைக் குறைவு என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு. அந்தக் கோட்டைத் தொடவே அவனுக்கு ஏறத்தாழ 55 கிலோ வேண்டும்.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: "காற்றடித்தால் பறந்துவிடுவாய் போலிருக்கிறதே!" குண்டாக இருப்பவரிடம் முகத்துக்கு நேரே சொல்லத் தயங்குகிறவர்கள்கூட, ஒல்லியாக இருப்பவரிடம் கூசாமல் சொல்லிவிடுகிறார்கள். கூடவே "நன்றாகச் சாப்பிடு" என்ற அறிவுரையும் வரும். அவன் சாப்பிடாதவன் இல்லை. தட்டில் போட்டதை மிச்சம் வைக்க மாட்டான். ஆனால் இரண்டாவது கரண்டிச் சோறு வைக்கப் போனால் கையால் மறைத்து, "வேண்டாம் சித்தி, மூச்சு முட்டுகிறது" என்பான். அது உண்மை. அவனுடைய அப்பாவும் கல்யாணம் வரைக்கும் இதே வாகுதான்.

எதையும் தொடங்குமுன் பக்கத்துத் தெரு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். ரத்த எண்ணிக்கை, சர்க்கரை, தைராய்டு, மலப் பரிசோதனை எல்லாம் எடுத்துப் பார்த்தார். இருமல், மாலைக் காய்ச்சல் உண்டா என்று கேட்டு நெஞ்சையும் சோதித்தார். குறை ஒன்றும் இல்லை. இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு மேலே போகாதீர்கள். பிறந்ததிலிருந்து ஒல்லியாக இருப்பது வேறு. இருந்த எடை காரணமில்லாமல் இறங்குவது வேறு. ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் தானாகக் குறைந்திருந்தால் கஞ்சி காய்ச்சுவதற்கு முன்னால் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரப்பது, சர்க்கரை நோய், காசநோய், குடல் புழு எதுவாகவும் இருக்கலாம்.

அடுத்து ஒரு நோட்டு. அவன் சாப்பிட்டதை, குடித்ததை எல்லாம் எழுதச் சொன்னேன். காலையில் மெட்ரோவைப் பிடிக்கிற அவசரத்தில் இரண்டு இட்லி. ஒயிட்ஃபீல்டில் அலுவலகம் சேர்ந்ததும் காபி. பதினொரு மணிக்கு டீ. மதியம் அளவுச் சாப்பாடு. நான்கு மணிக்கு மறுபடி டீ, இரண்டு பிஸ்கட். இரவு எட்டரைக்கு வந்து சோறோ சப்பாத்தியோ. கூட்டிப் பார்த்தால் நாளொன்றுக்கு 2,000 கலோரிக்குச் சற்றுக் கீழே நின்றது. எடை ஏற வேண்டுமானால் இன்னும் நானூறு, ஐந்நூறு கூட வேண்டும். ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்பது பொதுவான கணக்கு. தினமும் ஐந்நூறு மிஞ்சினால் காகிதத்தில் வாரத்துக்கு அரைக் கிலோ ஏற வேண்டும். உடம்பு காகிதத்தின்படி நடக்காது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த ஐந்நூறைச் சோற்றிலேயே கொடுக்க வேண்டுமானால் கிட்டத்தட்ட 400 கிராம் சோறு கூடுதலாக உள்ளே போக வேண்டும். வெந்த சோற்றில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர்தான். 100 கிராமுக்கு 130 கலோரி அளவில்தான் தேறும். இரண்டு கரண்டியில் மூச்சு முட்டுகிறவனிடம் இதைக் கேட்பது நியாயமில்லை. இங்கே தட்டுப்பாடு இடத்துக்குத்தான். அவன் வயிறு கொடுக்கிற இடத்துக்குள் எவ்வளவு சத்தை அடக்கலாம் என்பதுதான் கேள்வி என்று எனக்குப் பிடிபட்டது.

இதே கேள்வியைக் கைக்குழந்தைகளுக்காக நம் நாட்டில் ஏற்கெனவே கேட்டு விடை கண்டிருக்கிறார்கள். ஆறு மாதக் குழந்தையின் வயிறு சின்னது. கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சினால் விழுங்க முடியாது. நீர்க்கக் காய்ச்சினால் வெறும் தண்ணீரில் வயிறு நிறைந்துவிடும். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் மல்லேஷி, தேசிகாச்சார் ஆகியோர் 1980-களில் முளைகட்டிய ராகியையும் பாசிப்பயறையும் வைத்து இதற்கு வழி செய்தார்கள். பரோடாவில் தாரா கோபால்தாஸ் அதே வழியில் கிராமத்து வீடுகளுக்கு ஏற்றபடி வேலை செய்தார். தானியம் முளைக்கும்போது அமைலேஸ் என்ற நொதி அதற்குள் பெருகுகிறது. சூடு ஏறும்போது அந்த நொதி மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளை வெட்டிச் சின்னதாக்கிவிடும். அதனால் கஞ்சி கெட்டிப்படாமல் இளகுகிறது. இரண்டு மடங்குக்கு மேல் மாவு போட்டாலும் குடிக்கிற பதத்தில் நிற்கிறது. சிறுதானியங்களில் இந்த வேலைக்கு ராகிதான் முதலிடம். ராகி விளைகிற மண்ணில் உட்கார்ந்துகொண்டு வேறெதைத் தேடுவது?

கேள்விப்பட்டதோடு விடாமல் அடுப்பில் வைத்துப் பார்த்தேன். சாதாரண ராகி மாவை வழக்கத்தைவிடக் கெட்டியாக, கரண்டி நட்டால் நிற்கும்படி காய்ச்சி இறக்கினேன். விரல் வைத்தால் ஓரிரு நொடி பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, முளைகட்டிய ராகி மாவு ஒரே ஒரு தேக்கரண்டி தூவிக் கிளறினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கிளறிக்கொண்டே இருக்க, கரண்டி போன தடம் மூடிக்கொள்ள ஆரம்பித்தது. பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த கஞ்சி பளபளத்து வழிந்து இறங்கியது. சில நிமிடங்களில் கரண்டியிலிருந்து தாரையாக ஒழுகுகிற பதத்துக்கு வந்துவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நான் சேர்க்கவில்லை. பின்னாலிருந்து எட்டிப் பார்த்தவன், "சித்தி, இதை நான் குடித்துவிடுவேன்" என்றான். அந்த வார்த்தைக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

இனி மாவு செய்த விவரம். ராகி 700 கிராம், முழுப் பாசிப்பயறு 300 கிராம். ராகியில் மண்ணும் பொடிக் கல்லும் இருக்கும். இரண்டு பாத்திரத்தை வைத்துக்கொண்டு அரித்து எடுக்க வேண்டும். மேலே மிதக்கிற பொக்கு முளைக்காது, அதைத் தள்ளிவிடலாம். ராகியும் பயறும் முளைக்கிற வேகம் வேறு. தனித்தனியாக இரவு முழுக்க ஊற வைத்து, நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றினேன். காலையில் வடித்து, பழைய வெள்ளை வேட்டித் துணியில் தளர்வாகக் கட்டி, துளையுள்ள இட்லித் தட்டின்மேல் வைத்து மூடினேன். இறுக்கிக் கட்டினால் உள்ளே காற்றுப் போகாமல் புளித்த வாடை வரும்.

பெங்களூரில் ஆடி மாதக் குளிரில் முளை சோம்பும். சென்னையில் ஒரே நாளில் எட்டிப் பார்க்கிற முளை இங்கே இரண்டு நாள் எடுக்கிறது. மூட்டையைச் சமையலறையில் ஃப்ரிஜ்ஜின் பின்பக்க வெதுவெதுப்பில் வைத்தேன். காலையும் மாலையும் அவிழ்த்து, நல்ல தண்ணீரில் அலசி, மறுபடி கட்டினேன். ராகியில் வெள்ளை நூல் மாதிரி கால் அங்குலத்துக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் வளரவிட்டால் தானியத்தின் சத்தையே முளை தின்றுவிடும், கசப்பும் ஏறும். கறுப்போ பச்சையோ பூசணம் ஓர் இடத்தில் தெரிந்தாலும் முழுதையும் கொட்டிவிடுங்கள். பொறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தக் கூடாது.

காய வைப்பதுதான் இந்த ஊரில் பெரிய பாடு. மொட்டை மாடியில் விரித்தால் பத்து நிமிட வெயில், அப்புறம் தூறல். மாடிக்கும் வீட்டுக்கும் நடையாய் நடப்பதை விட்டுவிட்டு, கூடத்தில் பருத்திப் போர்வையை விரித்து, விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மின்விசிறியை முழு வேகத்தில் சுழல விட்டேன். வெயில் தலைகாட்டியபோது மட்டும் மாடிக்கு. பல்லில் வைத்துக் கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும். மெத்தென்று நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். காய்ந்ததும் இரண்டு உள்ளங்கைக்கு நடுவே தேய்த்தால் முளை நூல்கள் உதிரும். முறத்தில் புடைத்து அவற்றை நீக்கிவிட வேண்டும். மாவில் வருகிற லேசான கசப்புக்கு அந்த நூல்கள்தான் காரணம்.

வறுக்கும் இடத்தில் நிதானம் தேவை. வழக்கமான சத்துமாவுக்குத் தானியத்தைப் பொரியப் பொரிய வறுப்போம். வாசனை நன்றாக இருக்கும், ஆனால் நொதி செத்துவிடும். பிறகு முளைகட்டியதன் பாதிப் பயன் போய்விடுகிறது. அடிகனமான வாணலியில், மிகச் சிறு தீயில், கையால் அள்ளினால் சுடுகிற அளவுக்குமேல் போகாமல் புரட்டி இறக்கினேன். பாசிப்பயறை மட்டும் தனியாக வாசனை வரும்வரை வறுக்கலாம். வேலை செய்கிற நொதி ராகியில்தான் இருக்கிறது.

எங்கள் தெரு மில்லில் ராகி நாள் முழுக்க ஓடும். மிளகாய் அரைத்ததற்கு அடுத்த ஈடாகக் கொடுத்துவிடாமல், ராகிக்குப் பின்னால் போடச் சொன்னால் போதும். மில்லிலிருந்து மாவு சூடாக வருகிறது. அப்படியே டப்பாவில் அடைத்தால் மூடியில் வியர்த்துக் கட்டி பிடிக்கும். தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறிய பிறகுதான் எவர்சில்வர் டப்பாவுக்குப் போனது. முந்திரி, பாதாம், வேர்க்கடலை எதையும் இந்த மாவோடு அரைக்கவில்லை. எண்ணெய் வித்து சேர்ந்த மாவு சீக்கிரம் சிக்குப் பிடித்துவிடும்.

காய்ச்சும் முறை இது. பச்சைத் தண்ணீர் 200 மில்லியில் மாவு 60 கிராமைக் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டினால் நொதிக்கு வேலை செய்ய நேரமே கிடைக்காது. ஆவி கிளம்பி, கஞ்சி கெட்டிப்படுகிற மாதிரி போக்குக் காட்டும்போது அடுப்பை அணைத்து, மூடிப் பத்து நிமிடம் விட்டேன். திறந்தால் இளகியிருக்கும். பிறகு பால் 150 மில்லி சேர்த்து, நன்றாகக் கொதிக்கவிட்டு இறக்க வேண்டும். ஈரத்தில் முளைத்த தானியத்தில் கிருமி இருக்கலாம் என்பதால் இந்தக் கொதி கட்டாயம். இறக்கியதும் வெல்லம் 15 கிராம், வறுத்துப் பொடித்த வேர்க்கடலை 20 கிராம், ஏலக்காய். முளைகட்டாத மாவில் இதே பதத்துக்கு 25 கிராமுக்கு மேல் போட முடியாது. ஒரு பெரிய டம்ளரில் ஐந்நூறு கலோரியை ஒட்டி வந்துவிட்டது. அவன் அதை மடக் மடக்கென்று குடித்துவிட்டுத் தட்டையும் நீட்டினான்.

பாலை மாற்றியதும் சத்தமில்லாமல் உதவியது. நந்தினியின் நீலப் பாக்கெட் சமன்படுத்திய பால். கொழுப்பு 3 சதவீதம். முழுக் கொழுப்புப் பாலில் 6. அளவு அதேதான், சத்து கூடுகிறது. சாம்பாருக்கு ஒரு கரண்டி நெய், பொரியலுக்குத் தாராளமாகத் தேங்காய், தயிர்சாதத்தில் பாலாடை என்று அவன் தட்டுக்கு மட்டும் கூடுதலாகச் சேர்த்தேன். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயோ நெய்யோ 120 கலோரி அளவு. அது வயிற்றில் அடைக்கிற இடம் மிகச் சிறிது. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று சொன்னவர்கள் அளந்து பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். எள்ளில் பாதி எண்ணெய்தான். வாரத்துக்கு ஒருமுறை எள்ளுருண்டை பிடித்து வைத்தேன்.

காபி, டீயை உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தள்ளிவைத்தோம். பசியை அடக்குவது ஒரு காரணம். சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை டீயின் துவர்ப்பு தடுக்கிறது என்பது இன்னொன்று. நான்கு மணி பிஸ்கட்டின் இடத்தில் கடலை மிட்டாயும் வாழைப்பழமும். இரவுச் சாப்பாட்டை ஏழரைக்கு இழுத்தோம்; அதற்காக அவன் முன்னதாக ரயில் பிடிக்க வேண்டியிருந்தது. படுக்க ஒரு மணி நேரம் முன்பு கஞ்சி. ஆரம்பத்தில் முழு டம்ளரைக் கொடுக்காமல் அரை டம்ளரில் தொடங்கி மெல்லக் கூட்டினோம். வயிறு உப்புசம் அவனுக்கு வரவில்லை.

இதற்கிடையில் அலுவலக நண்பர் ஒருவர் சொன்னார் என்று எடை கூட்டும் பொடி டப்பா ஒன்றை வாங்கி வந்தான். அட்டையைத் திருப்பிப் படித்தோம். முதலில் எழுதியிருந்த பொருள் மால்டோடெக்ஸ்ட்ரின். அதுவும் வெட்டப்பட்ட மாவுச்சத்துதான். முளைகட்டிய ராகி அடுப்பில் செய்கிற வேலையை அங்கே ஆலை செய்திருக்கிறது. ஆனால் ராகியோடு வருகிற சுண்ணாம்புச்சத்து அதில் இல்லை. 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. தானியங்களில் அதற்கு நிகர் கிடையாது. பொடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். பொடியாவது போகட்டும், "பத்து நாளில் கன்னம் உப்பும்" என்று பெயரில்லாத மாத்திரையை நீட்டுகிறவர்களை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. அது முகத்தில் நீரைத் தேக்கும், சர்க்கரையை ஏற்றும், எலும்பை அரிக்கும். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. பிள்ளைகளின் வெட்கத்தை வைத்து வியாபாரம் செய்கிறார்கள்.

புரட்டாசியில் எங்கள் வீட்டில் முட்டை கிடையாது. அதுவரை தினம் இரண்டு முட்டை சாப்பிட்டவனுக்குப் புரதம் குறையாமல் பார்க்க வேண்டியிருந்தது. சும்மா இருக்கிறவருக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. தசை வளர உடற்பயிற்சி செய்கிறவருக்கு 1.6 கிராம்வரை பலன் கூடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. அவனுக்கு அது 80 கிராம் சொச்சம். பன்னீர், சோயா உருண்டை, கெட்டிப் பருப்பு, சுண்டல் என்று மாற்றிப் போட்டு அந்த மாதத்தைக் கடந்தோம்.

உடற்பயிற்சியை நான் இரண்டாம்பட்சமாக வைக்கவில்லை. நம் உடம்புக்கு ஒரு குணம் உண்டு: ஒல்லியாகத் தெரியும்போதே உள்ளே கொழுப்பு சேர்ந்திருக்கும். புனேயின் மருத்துவர் யாஜ்னிக் 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் இதைத் தம்மையே காட்டி விளக்கினார். அவருக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யூட்கினுக்கும் உடல் நிறை எண் ஒன்றுதான், 22.3. ஆனால் கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. வெறுமனே தின்ன வைத்தால் ஏறுகிற கிலோ தொப்பையில் போய் உட்காரும். அதனால் வாரம் மூன்று நாள் மொட்டை மாடியில் தண்டால், பஸ்கி. தோள்பையில் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது. தெருக்கோடிப் பூங்காவின் கம்பியில் தொங்கி மேலே ஏறுவது. சுலபமாகிவிட்டால் பையில் இன்னொரு கிலோ அரிசி. எடையோடு இடுப்பையும் நாடாவால் அளந்தோம். இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பார்கள்; அவனுக்கு அது எட்டாத தூரத்தில்தான் இருந்தது. ஆனாலும் எடையைவிட இடுப்பு வேகமாக ஏறுகிறதா என்று பார்ப்பதில் நான் கறாராக இருந்தேன்.

ஐப்பசியில் தராசு முள் அசையாமல் நின்றுவிட்டது. சாப்பாடு குறையவில்லை. கவனித்தபோது அவன் போனில் பேசும்போதெல்லாம் கூடத்துக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டே இருந்தான். உட்கார்ந்தால் கால் ஆடியது. முன்பைவிட அதிகமாக. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் லெவின் குழுவினர் 1999-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சொல்கிறது. 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒருவருக்குச் சேர்ந்த கொழுப்பு அரைக் கிலோகூட இல்லை. இன்னொருவருக்கு நான்கு கிலோவுக்கு மேல். நடப்பது, நெளிவது, எழுந்து உட்காருவது என்று தம்மை அறியாமல் செய்கிற அசைவு கூடியவர்களுக்குக் கொழுப்பு குறைவாகச் சேர்ந்தது. இதை நோட்டில் எழுதி அவனிடம் காட்டினேன். அவன் முகத்தில் ஒரு நிம்மதி. இத்தனை வருடம் 'தின்கிறது எங்கே போகிறதோ' என்று கேட்டவர்களுக்கு அவனிடம் பதில் இருக்கவில்லை. காலாட்டாதே என்று நான் அதட்டப் போவதில்லை. மதியத் தயிர்சாத டப்பாவோடு ஒரு கைப்பிடி வேர்க்கடலையைச் சேர்த்தேன். முள் மறுபடி நகர்ந்தது.

கன்னடக் கார்த்திக மாதத்தின் கடைசித் திங்களன்று பசவனகுடியில் பெரிய நந்தி கோயிலை ஒட்டிக் கடலைக்காய்ப் பரிசை என்ற வேர்க்கடலைச் சந்தை நடக்கும். அந்த வருடத்துக் கடலையை அங்கே வாங்கலாம். இரண்டு பேரும் போய் மூட்டையாகத் தூக்கி வந்து, உரித்து, வெள்ளித் தட்டில் பரப்பிப் பொறுக்கினோம். சுருங்கியது, நிறம் மாறியது, பூசணம் பட்டது எல்லாம் தனியே போயின. அவற்றில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். வறுத்தாலும் அது முழுதாகப் போகாது, ஈரலைக் கெடுக்கும்.

தை மாதம் பார்த்தபோது 56 கிலோவைத் தாண்டியிருந்தான். உடல் நிறை எண் 19. இடுப்பு மூன்று சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. தோள் அகலத்தைச் சட்டையே சொல்கிறது. மெதுவான ஏற்றம்தான். அக்கா பொங்கலுக்கு வந்தபோது அவன் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் மாவுக் கணக்கை எழுதித் தரச் சொன்னாள்.

எழுதிக் கொடுத்தபோது சேர்த்த இரண்டு குறிப்புகளை இங்கேயும் வைக்கிறேன். பங்குனி, சித்திரை வெயிலில் முளை ஒரே நாளில் வந்துவிடும். அலசுவதை மூன்று வேளையாக்க வேண்டும், மாவும் குறைவாக அரைக்க வேண்டும். அடுத்தது, இந்த மாவில் மாவுச்சத்து பாதி செரித்த நிலைக்கு வந்துவிடுவதால் சர்க்கரை வேகமாக ஏறும். என் கணவருக்குச் சர்க்கரை உண்டு. ராகிதானே என்று யாரும் அவருக்குக் கலக்கிக் கொடுத்துவிடாமல் இருக்க, அவன் டப்பாவின் மூடியில் அவன் பெயரை எழுதி ஒட்டி, சாதாரண ராகி மாவை வேறு அலமாரியில் வைத்திருக்கிறேன்.